பழைய கேட்டமரான் வாங்கப் போறீங்களா? முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னால இதைப் படிங்க



போன வாரம் போர்ட்டிக்சன் கடற்கரையில எடுத்த படத்தைப் போட்டதிலிருந்து எங்க யார் போனுக்கும் ஓய்வே இல்லை. "படகு உங்களோடதா?", "எவ்வளவு கொடுத்தீங்க?", "எங்களுக்கும் ஒண்ணு பார்த்துக் கொடுங்களேன்"னு ஆளாளுக்குக் கேட்கிறீங்க. ரெண்டு பேர் ஏற்கெனவே ஒரு பழைய படகைப் பார்த்து வச்சிட்டதாகவும், இந்த வாரக் கடைசியில முன்பணம் கொடுக்கப் போறதாகவும் சொன்னாங்க. முக்கியமா அந்த ரெண்டு பேருக்காகத்தான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறோம். இதுல கோயில் பணம் ஒரு காசு கிடையாது. நாங்க அன்னதானக் குழுவில ஒண்ணா நிற்கிறவங்கங்கிறதால கேள்வி வரும்னு தெரியும். இது எங்க ஐந்து குடும்பம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். கணக்கு டீச்சர் அக்கா கிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் கேட்டுப் பார்க்கலாம்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, எங்கள்ல ஒருத்தர், எல்லாரும் லோரிக்கார அண்ணன்னு கூப்பிடுறவர், தொண்ணூறுகள்ல போர்ட்டிக்சன்ல ஒரு ரிசோர்ட்டில படகுப் பையனா வேலை பார்த்தவர். தோட்டத்துல இருந்து வந்த பையன், நீச்சலே அங்கதான் கத்துக்கிட்டாராம். வெள்ளைக்கார டூரிஸ்டை உட்கார வச்சு ஹோபி 16 ஓட்டின கதையை, வெங்காயம் உரிக்கிற நேரமெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பார். எங்க பிள்ளைங்க சனிக்கிழமை ஆனா போனும் கையுமா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு, நாமளே ஒண்ணு வாங்கினா என்னன்னு ஒரு நாள் பேச்சு வந்தது. அவருக்கு ஓட்டத் தெரியும். அது போதும்னு நினைச்சோம். ஓட்டத் தெரியறதும் வாங்கத் தெரியறதும் வேற வேறன்னு எங்களுக்கு அப்போ தெரியாது.

தெரியாதவங்களுக்காக: ஹோபி 16ங்கிறது கலிஃபோர்னியாவில சர்ஃப் பலகை செஞ்சுக்கிட்டிருந்த ஹோபி ஆல்ட்டர்ங்கிறவர் கொண்டுவந்த படகு. 1968ல ஹோபி 14 வந்தது, அடுத்த சில வருஷத்துல இந்தப் பெரிய தம்பி வந்துட்டான். உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல வித்திருக்கு. கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 145 கிலோ எடை. வாழைப்பழம் மாதிரி வளைஞ்ச ரெண்டு ஃபைபர் ஹல், நடுவுல அலுமினியச் சட்டம், அதுல இழுத்துக் கட்டின ட்ராம்போலின் துணி, மேல 8 மீட்டர் பாய்மரம். அடியில இறக்குற பலகை எதுவும் இல்லாததால நேரா மணல்ல ஏத்திடலாம். அதனாலதான் கடற்கரை ரிசோர்ட்டுகள்ல இதை அதிகமாப் பார்க்கிறோம். கேட்டமரான்ங்கிற பேரே நம்ம கட்டுமரம்தான், 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆனா நம்ம கட்டுமரம்ங்கிறது மரத்தைச் சேர்த்துக் கட்டின தெப்பம். ரெண்டு ஹல் வச்ச அமைப்பு பசிபிக் தீவுக்காரங்களோடது. பேர் நம்மளோடது, படகு அவங்களோடது.

சரி, எங்க முதல் படகுக்கு வருவோம்.

ஒரு பெரியவர் வித்தார். யாருன்னு கேட்காதீங்க. சொந்தக்காரர் இல்லை, ஆனா எங்க எல்லாருக்கும் இருபது வருஷப் பழக்கம். மகன் வெளிநாடு போனதிலிருந்து படகு வீட்டுக்குப் பின்னால, மாமரத்தடியில கிடந்தது. நாங்க போன அன்னைக்கு முறுக்கு, அதிரசம், தேத்தண்ணி எல்லாம் வச்சார். படகு வாங்கின கதை, மகன் ஓட்டின கதை எல்லாம் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, தண்ணியில இறக்கித்தான் ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னார். நாங்க சுத்தி வந்து பார்த்தோம். பாயை விரிச்சுப் பார்த்தோம், கலர் நல்லா இருந்தது. மெக்கானிக் மாமா கம்பியைக் கையில பிடிச்சு ஆட்டிப் பார்த்தார். "ஸ்டேன்லெஸ் தானே, இதுக்கென்ன"ன்னார். டீச்சர் அக்கா மட்டும், "அடியில பார்க்கணும், கவுத்துப் போட்டுப் பார்க்கலாமா"ன்னு மெதுவா கேட்டாங்க. நாங்கதான் கண்ணைக் காட்டி அடக்கிட்டோம். அவர் வீட்டு அதிரசத்தைச் சாப்பிட்டுட்டு அவர் படகைக் கவுத்துப் பார்க்கிறது மரியாதையான்னு ஒரு எண்ணம். 6,000 வெள்ளி. பேரம்கூட பேசலை.

ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம். படகுல லோரிக்கார அண்ணனும் மெக்கானிக் மாமாவோட பையனும். பையனுக்குப் பதினைஞ்சு வயசு. கரையிலிருந்து ஒரு அறுநூறு மீட்டர் இருக்கும். காத்து நல்லா இருந்தது, ரெண்டு பேரும் காத்து வர்ற பக்கத்து ஓரத்துல உட்கார்ந்து பின்னால சாய்ஞ்சிருந்தாங்க. நாங்க கரையில தர்பூசணி வெட்டிக்கிட்டிருந்தோம். பையனோட அம்மாதான் முதல்ல பார்த்தாங்க. "பாயைக் காணோம்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. திரும்பிப் பார்த்தா கடல்ல பாய் இல்லை, ஆளும் இல்லை.

காத்து வர்ற பக்கத்துக் கம்பி அறுந்து, பாய்மரம் முழுசா எதிர்ப் பக்கம் தண்ணியில விழுந்திருந்தது. சாய்ஞ்சு உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் அப்படியே பின்னால கடல்ல. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாங்க. அண்ணன் அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு, போடாம யாரையும் ஏத்த மாட்டார். பையன் நீந்தி வந்து படகைப் பிடிச்சான், அண்ணன் ஏத்தி விட்டார். மதியக் கடல்காத்து கரைப்பக்கம் அடிச்சதால படகு மெதுவா நம்ம பக்கமே வந்துக்கிட்டிருந்தது. விடிகாலையில, தரையிலிருந்து கடலுக்குக் காத்து போற நேரத்துல இது நடந்திருந்தா, மலாக்கா நீரிணையில கப்பல் போற பாதைப் பக்கம் போயிருக்கும். பக்கத்துல வலை போட்டுக்கிட்டிருந்த மலாய்க்கார மீனவர் ஒருத்தர் சம்பானைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துட்டு வந்தார். பணம் கொடுத்தோம், வாங்கலை. பெட்ரோலுக்கு மட்டும் எடுத்துக்கிட்டார்.

பையனுக்கு ஒண்ணும் ஆகலை. முழங்கையில சிராய்ப்பு. அவன் அம்மா அன்னைக்கு ராத்திரி எங்க யார்கிட்டயும் பேசலை.

மறுநாள் அறுந்த கம்பியை எடுத்து வச்சுப் பார்த்தோம். கம்பிக்கு மேல வெள்ளை பிளாஸ்டிக் உறை. பழைய படகுகள்ல இது சகஜம். உறையை உரிச்சா உள்ள செம்பழுப்பா துரு. கம்பின்னு நாம சொல்றது ஒரே கம்பி இல்லை, 19 இழை சேர்த்து முறுக்கினது. அறுந்த முனையை மெக்கானிக் மாமா லென்ஸ் வச்சு எண்ணினார். 12 இழையோட முனை கறுத்துக் கிடந்தது, அதெல்லாம் எப்பவோ அறுந்தது. பளபளன்னு புதுசா அறுந்தது ஏழுதான். அதாவது அந்த ஏழு இழைதான் நாங்க வாங்கின நாள்லேருந்து பாய்மரத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தது. எண்ணி முடிச்சுட்டு லென்ஸைக் கீழே வச்சார், ரொம்ப நேரம் எதுவும் பேசலை. பையனோட அப்பா அவர்தானே. "இதுக்கென்ன"ன்னு சொன்னதும் அவர்தானே.

அதுக்கப்புறம்தான் படகை முழுசாப் பார்த்தோம். ஹல்லோட மேல்தளம் முன்பக்கம் கட்டை விரல்ல அழுத்தினா பஞ்சு மாதிரி உள்ள போச்சு. அடிவிளிம்புல ஃபைபர் நாரே வெளியே தெரிஞ்சது. தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, சரி பண்ற செலவுல இன்னொரு படகே வாங்கிடலாம்னார்.

இனி எப்படிப் பார்க்கணும்னு சொல்றோம். ரெண்டாவது படகு தேடினப்போ மூணு படகு பார்த்தோம், ரெண்டை வேண்டாம்னு விட்டோம். அந்த அனுபவம்தான்.

ஹல்தான் முதல்ல. மத்த எல்லாத்தையும் மாத்திடலாம், ஹல் போனா படகே போச்சு. ஹோபி ஹல் வெறும் ஃபைபர் இல்லை. வெளியே ஒரு ஃபைபர் தோல், நடுவுல நுரை, உள்ள இன்னொரு தோல், இட்லிக்கு நடுவுல சட்னி வச்ச மாதிரி. வெயில்லயும் தண்ணியிலயும் வருஷக்கணக்கா கிடந்தா தோலும் நுரையும் ஒட்டு விட்டுப் பிரிஞ்சிடும். வெளியே பார்த்தா பளபளன்னுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கைக்கும் காதுக்கும்தான் தெரியும். பொங்கலுக்கு மண்பானை வாங்கப் போனா என்ன பண்ணுவோம்? சுண்டிப் பார்ப்போம்ல? அதேதான். 50 சென் காசு ஒண்ணை எடுத்துக்குங்க. ஹல் மேல ஒரு சாண் ஒரு சாணாத் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடத்துல "டக் டக்"னு கூர்மையா கேட்கும். ஒட்டு விட்ட இடத்துல "தொப் தொப்"னு செத்த சத்தம். சத்தம் மாறுற இடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க. அப்புறம் அந்த இடத்தை ரெண்டு கட்டை விரலாலயும் அழுத்திப் பாருங்க. முன் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால இருக்கிற மேல்தளமும், சட்டத்தைத் தாங்குற தூண்கள் ஹல்லுக்குள்ள இறங்குற இடமும்தான் முதல்ல போகும். அங்க நேரம் எடுத்துக்குங்க.

உள்ளங்கை அளவுக்கு ஒண்ணு ரெண்டு இடம்னா சின்னச் சின்ன ஓட்டை போட்டு எபோக்ஸி ஏத்திச் சரி பண்ணலாம், விலையைக் குறைச்சு வாங்கலாம். அதுக்கு மேல பரவியிருந்தா பேசாம வண்டியைத் திருப்புங்க. லூமுட்ல நாங்க பார்த்த படகு, படத்துல புத்தம் புதுசு. நேர்ல போனா ரெண்டு ஹல்லுக்கும் ரோலர்ல பெயின்ட் அடிச்சிருந்தாங்க. பழைய படகு பழசாத் தெரியறது நல்லது. புதுப் பெயின்ட்டைப் பார்த்தா எதை மறைக்கிறாங்கன்னு கேளுங்க. கேட்டோம். "அழகுக்கு"ன்னார். தட்டினோம், வலது ஹல்லுல பாதி தொப் தொப். சாக்பீஸ் வட்டம் பத்துக்கு மேல போனதும் நாங்களே நிறுத்திட்டோம்.

அடுத்தது, படகைக் கவுத்துப் போட்டு அடியைப் பாருங்க. நாங்க முதல் தடவை பண்ணாதது இதுதான். பலகை இல்லாத படகுங்கிறதால மணல்ல ஏறி இறங்கும்போதெல்லாம் அடிவிளிம்பு தேயும். விக்கிறவர்கிட்ட "கரையில இழுக்கிற சக்கரம் இருக்கா"ன்னு கேளுங்க. சக்கரம் இல்லைன்னா, இத்தனை வருஷமும் மணல்ல இழுத்திருக்காங்கன்னு அர்த்தம். பின்பக்க அடி வளைவுலதான் அதிகம் தேயும். வெள்ளைப் பூச்சு போயி நார் தெரிஞ்சா தண்ணி உள்ள போக ஆரம்பிச்சிருக்கும்.

தண்ணி கதை: ஒவ்வொரு ஹல்லுக்கும் பின்னால ஒரு தக்கை இருக்கும். அதைக் கழட்டிட்டு முன்பக்கத்தைத் தூக்குங்க. ஒரு கப் தண்ணி வந்தா பரவாயில்லை. வாளிக்கணக்குல வந்தா, எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்காம வாங்கக் கூடாது. கண்டுபிடிக்கிறது சுலபம்: ஒட்டு வர்ற இடமெல்லாம் சவர்க்காரத் தண்ணி பூசிட்டு, தக்கை ஓட்டை வழியா ஒரு குழாயை வச்சு வாயால ஊதுங்க. நுரை கிளம்புற இடம்தான் ஓட்டை. உள்ளக் காத்து சூட்டுல விரியறதுக்காக வேணும்னே வச்ச சின்ன ஓட்டையும் இருக்கும், அதை விரலால மூடிக்கணும். கம்ப்ரசர் வச்சிடாதீங்க, ஹல் பிளந்துடும். வாய் அழுத்தமே தாராளம். தண்ணியெல்லாம் வடிஞ்ச பிறகும் ஒரு ஹல் மட்டும் தூக்கும்போது கனமா இருந்தா, நுரை தண்ணி குடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம்.

சட்டத்துக்கு ஒரு சோதனை இருக்கு. ஒருத்தர் ஒரு ஹல்லோட முன்மூக்கை மட்டும் தூக்கணும். நல்ல படகுன்னா கொஞ்சம் நெளிஞ்சுட்டு அடுத்த ஹல்லும் கூடவே எழும்பும். ஒண்ணு வானத்துக்கும் இன்னொண்ணு அப்படியே மணல்லயும் இருந்தா, சட்டம் மூலைகள்ல தளர்ந்து போச்சு. மூலையில அலுமினியம் சேர்ற இடத்துல வெள்ளை மாவு மாதிரி படிஞ்சிருக்கான்னும் பாருங்க. அலுமினியமும் ஸ்டேன்லெஸ் ரிவெட்டும் உப்புத் தண்ணியில சேர்ந்தா அலுமினியம்தான் கரையும். பத்து ஃபெரிங்கியில பார்த்த படகுக்கு ஹல் அருமை, சத்தமே சங்கீதம். சட்டம்தான் பழைய கட்டில் மாதிரி ஆடிச்சு. போதாக்குறைக்குப் பாய்மரம் வளைஞ்சிருந்தது. பாய்மரத்தைத் தரையில போட்டு, ஒரு முனையில படுத்து ஒத்தைக் கண்ணால நீளத்துக்குப் பாருங்க, மூங்கில் வாங்குறப்போ பார்ப்போமே அப்படி. சின்ன வளைவுன்னா பரவாயில்லை. நசுங்கல், மடிப்பு இருந்தா வேண்டாம். 8 மீட்டர் பாய்மரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எவ்வளவு ஆகும்னு விசாரிச்சப்போ டீச்சர் அக்கா கணக்கு நோட்டை மூடியே வச்சிட்டாங்க. அப்படியே பாய்மரத்தைச் சாய்ச்சு உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேட்குதான்னும் பாருங்க. அது காத்து அடைச்சு மிதக்கணும். தண்ணி புகுந்தா, படகு சாயும்போது நேரா தலைகீழாப் போயிடும். அப்புறம் நிமிர்த்துறது பெரும்பாடு.

இப்போ கம்பி. பாய்மரத்தைத் தாங்குறது மூணு கம்பிதான், ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, முன்னால ஒண்ணு. முன்பாயோட விளிம்புக்குள்ளயும் ஒரு கம்பி ஓடும், பாய் ஏத்தினதும் முன்பக்க இழுப்பை அதுதான் வாங்கும். அதனால அதையும் பார்க்கணும். பழைய துணி ஒண்ணை எடுத்துக் கம்பி மேல இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உருவுங்க. வெறும் கையால வேண்டாம், கிழிச்சிடும். துணி எங்க மாட்டுதோ அங்க இழை அறுந்திருக்கு. எல்லா முனையிலயும் கம்பி உலோகக் குழாய்க்குள்ள போயி நசுக்கி அடைச்சிருக்கும், பெரும்பாலும் அங்கதான் அறும். நல்ல வெளிச்சத்துல துரு, வெடிப்பு இருக்கான்னு பாருங்க. பிளாஸ்டிக் உறை இருந்தா பார்க்கவே வேண்டாம், மாத்திடுங்க. எங்களைக் கேட்டா உறை இருக்கோ இல்லையோ, எப்போ மாத்தினதுன்னு தேதி தெரியாத எந்தக் கம்பியையும் நம்பாதீங்க. வாங்கின அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க. அந்தக் காசைப் படகு விலையோட சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும். கம்பியை ஹல்லுல மாட்டுற தகட்டையும் பாருங்க. ஊசி போற ஓட்டை வட்டமா இல்லாம முட்டை மாதிரி இழுபட்டிருந்தா அதுவும் மாத்த வேண்டியதுதான்.

சுக்கான் ரெண்டையும் பின்னால நின்னு பிடிச்சு ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா ஊசியும் புஷ்ஷும் தேஞ்சிருக்கு, அது சின்னச் செலவு. வார்ப்புல வெடிப்பு இருந்தா பெரிய செலவு. ட்ராம்போலின்ல துணியைப் பார்க்காதீங்க, தையலைப் பாருங்க. நகத்தால கீறினா நூல் பொடியா வந்தா வெயில் தின்னுடுச்சுன்னு அர்த்தம். நம்ம ஊர் வெயில் துணியை விட நூலை முதல்ல தின்னும். பாயும் அதே கதைதான், கலரைப் பார்த்து மயங்காதீங்க. நாங்க மயங்கினோம்.

பத்திரம் கேட்கவும் கூச்சப்படாதீங்க. வாங்கின ரசீது இருக்கான்னு கேளுங்க. அமெரிக்காவில செஞ்ச ஹோபியா இருந்தா வலது ஹல்லோட பின்பக்கத்துல ஒரு எண் பொறிச்சிருக்கும். எண்பதுகளின் நடுவிலிருந்து வந்ததுன்னா கடைசி ரெண்டு இலக்கம்தான் மாடல் வருஷம். "பத்து வருஷம்தான் ஆச்சு"ன்னு சொல்லுவாங்க, எண் வேற சொல்லும்.

எல்லாம் சரியா இருந்தாலும் பாய்மரத்தை நிமிர்த்திக் காட்டச் சொல்லுங்க. ஒரு உதிரி குறைஞ்சாலும் அப்போதான் தெரியும். ஆனா நிமிர்த்துறதுக்கு முன்னால எல்லாரும் தலையைத் தூக்கி மேல பாருங்க. மின்கம்பி இருக்கிற இடத்துல கிட்டக்கூட கொண்டுபோகாதீங்க. 8 மீட்டர் அலுமினியம் அது. தாமான் வீட்டு வாசல்ல நிமிர்த்திக் காட்டுறேன்னு யாராவது சொன்னா, வேண்டாம் திடலுக்குப் போவோம்னு சொல்லிடுங்க.

மூணாவது படகு மலாக்காவில. ஓய்வுபெற்ற சீனப் பெரியவர், எஞ்சினியரா இருந்தவர். கார் நிறுத்துற கூரைக்குக் கீழ, சக்கரத்து மேல, போர்வை போர்த்தி வச்சிருந்தார். பார்க்க அழகில்லை, வெள்ளை மஞ்சளாயிருந்தது, அங்கங்க ஒட்டுப் போட்ட தழும்பு. நாங்க காசை எடுத்ததும் அவர் சிரிச்சிட்டார். இதுக்கு முன்னால ஆறு பேர் வந்து பார்த்தாங்களாம், ஒருத்தர்கூடத் தட்டிப் பார்க்கலையாம். உள்ள போய் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தார். எந்த வருஷம் எந்தக் கம்பி மாத்தினது, எந்த இடத்துல எபோக்ஸி போட்டது, எல்லாம் தேதியோட. எந்த இடத்துல தட்டணும்னு அவரே காட்டினார். தழும்பு இருந்த இடமெல்லாம் நோட்டுல இருந்தது. நாங்க கண்டுபிடிச்ச மென்மையான இடம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் நோட்டுல இருந்தது.

9,500 வெள்ளி. கம்பி மாத்தி ஒரு வருஷம்தான் ஆகுதுன்னு நோட்டு சொல்லிச்சு. இருந்தும் மாத்தினோம். அந்தச் செலவும், புது ஊசிகளும், ட்ராம்போலின் தையலுமாச் சேர்த்து இன்னும் 1,400. லோரிக்கார அண்ணன் லோரியில பந்தல் கம்பு ஏத்துற மாதிரி கழட்டி ஏத்திக் கொண்டுவந்தோம். விலை முதல் படகை விட அதிகம்தான். ஆனா முதல் படகுக்கு நாங்க கொடுத்தது 6,000 இல்லை, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

முதல் படகோட சுக்கானும் பாயும் இப்போ உதிரியா வச்சிருக்கோம். ஒரு ஹல் லோரிக்கார அண்ணன் வீட்டுப் பின்னால கிடக்கு. அண்ணி அதுல மண்ணு போட்டுக் கறிவேப்பிலை வச்சிருக்காங்க. நல்லா வருது.

அந்தப் பெரியவர்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்பீங்க. அது எங்களுக்குள்ளயே பெரிய சண்டை. பணத்தைத் திருப்பிக் கேட்கணும்னு மெக்கானிக் மாமா. "நாம பார்த்தோமா? பார்க்கணும்னு சொன்ன ஆளையும் அடக்கினோம். அவரைக் குத்தம் சொல்ல நமக்கு என்ன இருக்கு"ன்னு டீச்சர் அக்கா. அவர் பொய் சொன்னதா எங்கள்ல பாதிப் பேர் நினைக்கலை. அவருக்கே தெரியாது, அவர் மகன் காலத்துல எப்படி இருந்ததோ அப்படியே இருக்குன்னு நம்பினார். மெக்கானிக் மாமா இன்னைக்கும் இதை ஒத்துக்க மாட்டார், தெரியாததைத் தெரியும்னு சொல்றதும் பொய்தான்னு சொல்வார். அதுவும் தப்புன்னு எங்களால சொல்ல முடியலை. கடைசியில பணம் கேட்காம, நடந்ததை மட்டும் நேர்ல போய்ச் சொன்னோம். அவர் ரொம்ப நேரம் பேசலை. "பையனுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு மூணு தடவை கேட்டார். அன்னைக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார், குடிச்சிட்டுத்தான் வந்தோம்.

பையன் நாலு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் படகு ஏறினான். அவன் அம்மா சம்மதிக்க அவ்வளவு நாள் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் இறங்குறதுக்கு முன்னால துணி எடுத்துக் கம்பியை உருவிப் பார்க்கிறது இப்போ அவன் வேலை, வேற யாரையும் செய்ய விட மாட்டான்.

முன்பணம் கொடுக்கப் போற அந்த ரெண்டு பேருக்கு: எங்க படகு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. சனிக்கிழமை மதியம் காலியா இருந்தா எங்கள்ல ரெண்டு பேர் கூட வர்றோம். உங்களுக்குக் கேட்கக் கூச்சமா இருக்கிறதை நாங்க கேட்கிறோம், விக்கிறவர் எங்களுக்குத்தான் தெரியாதவர் ஆச்சே. ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தா போதும். காசும் சாக்பீஸும் நாங்களே கொண்டு வர்றோம்.